எதிர்ச்சரிவுக்குக் கேட்கிற எழுத்து

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி டைப்பிங் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று நாள் முழுக்க விண்ணப்பம்தான். ஆங்கிலத்தில் நிரப்புவதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் என் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு அணைந்ததே கிடையாது. சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கொட்டச்சேட்டிலிருந்து மாதம் ஒருமுறை ஐயாக்கண்ணு வருவார். இரண்டு ஏக்கர் காபி, நடுநடுவே மிளகு. வீடு ஒரு சரிவில், தோட்டம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சரிவில். மதியம் மனைவி ராசாத்தி வாசலில் நின்று “ஓ…வ்” என்று கூவினால் சோறு தயார். இவரும் பதிலுக்குக் கூவ வேண்டும். கூவாவிட்டால் மனஸ்தாபம் என்று அர்த்தம். அங்கே டவர் எடுக்காது, எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

ஒரே மகன் மாதேஷ் புனேயில் வேலைக்குப் போய், சங்கீதா என்ற மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று இவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷமாக மகன் பேசுவதில்லை. மருமகள்தான் மனம் இறங்கி, பேத்தி வெண்ணிலாவின் போட்டோவையும் தன் மெயில் முகவரியையும் தபாலில் அனுப்பினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். ஆறு வயதுப் பேத்தியை இவர் அந்தப் போட்டோவில் பார்த்ததோடு சரி. சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

முதல் மெயிலைத் திரையில் உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, எழுத்தெல்லாம் நொம்பப் பெருசா இருக்குதுங்களே?”

“சின்னதாவும் அடிக்கலாங்க. வாக்கியம் ஆரம்பிக்கற எடம், ஆள் பேரு, ஊர் பேரு, கெழமை, மாசம், அப்பறம் ‘நான்’ங்கற சொல்லு, இதுக்கு மட்டும் பெருசு போட்டாப் போதுமுங்க.”

“வேண்டாமுங்க, பெருசாவே இருக்கட்டும். புனே நொம்ப தூரமாச்சுங்களே, கேக்கோணுமே.”

எனக்கும் அது வசதி. அப்படியே விட்டேன்.

எட்டு மெயில் போயிற்று. ‘நலம்’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். ஒன்பதாவதில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குழந்தையைக் கூட்டி வரச் சொல்லி எழுதினோம். அதற்குச் சங்கீதா எழுதிய பதில் இது:

‘மாமா, ஒவ்வொரு முறையும் ஏன் இப்படிக் கத்துகிறீர்கள்? அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று என் கணவர் எழுந்து போய்விடுகிறார். இந்தக் கோபத்துக்கு நடுவில் குழந்தையைக் கொண்டுவர மாட்டேன்.’

ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் அது கத்தல். எனக்குத் தெரியாதா? தெரியும். விண்ணப்பமாக அடித்து அடித்து என் புத்தி மரத்துப் போயிருந்தது. இப்போது அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது.

“கத்தலீங்களே,” என்றார். “கூப்பிட்டனுங்க.”

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் போட்டோவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“பக்கத்துல ஒக்காந்து பேசறாப்பல அடிங்க. கண்ணாலத்துக்கு வராதது எம்மேல தப்புன்னு மொதல்ல போடுங்க. அப்பறம், புள்ளையப் பாக்காம எனக்குத் தூக்கம் வாறதில்லைன்னு போடுங்க.”

பதினோரு வருஷத்தில் முதல் முறையாக கேப்ஸ் லாக் விளக்கை அணைத்தேன். மூவர் பெயருக்கும் பெரிய எழுத்து போட்டேன். கத்தியது நான்தான், அவர் இல்லை என்று அடியில் என் பெயரில் ஒரு வரி சேர்த்தேன்.

பத்து நாள் பதில் இல்லை. மாதம் ஒருமுறை வந்தவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

பதினோராம் நாள் அவர் எதிரிலேயே மெயில் வந்தது. ‘என் கணவர் டிக்கெட் போட்டுவிட்டார். மூவரும் வருகிறோம். கீழே வெண்ணிலா அவளாக அடித்தது’ என்று சங்கீதா எழுதியிருந்தாள். பள்ளியில் முதலில் கற்றுக்கொண்ட ஆங்கில எழுத்தில் குழந்தை ஒரு வரி அடித்திருந்தது: தாத்தா, நான் வருகிறேன்.

“பாப்பா எழுதுனது முழுக்கப் பெரிய எழுத்துங்க,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் நின்று மலையடிவாரத்தைப் பார்த்து “ஓ…வ்” என்று கூவினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

“புள்ள கூப்பிட்டுதுங்களே,” என்றார் திரும்பி வந்து.