கிராணி வேஷத்துக்கு ஒரு மூக்கு

எஸ்டேட் திருவிழா நாடகத்தில் நான்தான் பபூன். இந்த வருடம் கிராணி வேஷம்.

ஆபீஸில் கணக்கெழுதும் எங்கள் கிராணிக்கு மூக்கு கொஞ்சம் பெரிது. கோபித்துக்கொண்டால் நாடகத்தையே நிறுத்திவிடுவார் என்று பயந்து, பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டிச் சிவப்புச் சாயம் பூசி, சின்ன மூக்காகச் செய்து வைத்திருந்தேன்.

இன்று காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, அது பையிலிருந்து அவர் காலடியிலேயே விழுந்தது.

“என்ன இது?”

“நாடகத்துக்குங்க ஐயா... கிராணி வேஷத்துக்கு.”

தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இவ்ளோ சின்னதா இருந்தா, கடைசியில உக்காந்திருக்கவனுக்கு நான்னு எப்படித் தெரியும்? ரிங்லெட் டவுனுக்குப் போயி பெரிய பந்தா வாங்கிட்டு வா லா. லீவு தர்றேன்.”

இப்போது எங்களை வேலை வாங்கும் கங்காணிதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நாடகத்தில் அவரைப் போல வேஷமும் இல்லை, மூக்கும் இல்லையாம்.

அவருக்கு எந்த மாதிரி மூக்கு பொருந்தும்? இந்த அறிவிப்புப் பலகையிலேயே கீழே எழுதுங்கள். பென்சில் கட்டியிருக்கிறேன்.