பாலிதீன் போட்ட மாரிஸ் மைனர்

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ஒரு ஷெட்டில் கார் சீட்டு தைக்கிறேன். படிப்பு அஞ்சாவது. வெளி ஆள் வந்தால் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன். சொல்ல வேண்டியதை முதலாளி தாமுவிடம் சொல்வேன், அவர் வண்டி கொடுத்த பார்ட்டியிடம் சொல்வார். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது.

1. வண்டி வந்த நாள்

மாரிஸ் மைனர், லண்டன்காரன் செய்த குட்டிக் கார். சட்டியைக் கவிழ்த்த மாதிரி கூரை. லாரியில் கட்டி வந்தது. உள்ளே கோழி அடைந்த வாடை. கால் வைக்கும் இடத்தில் துரு தின்று, கீழே தரை தெரிந்தது.

வாங்கியவர் சேகர் சார். வேலப்பன்சாவடி ஃப்ளாட்டில் குடியிருப்பவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. இறங்கியதும் வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அவரோடு வந்த அப்பா ஏழுமலை, எண்பதை நெருங்கியவர், நேரே வண்டியின் பின்பக்கம் போய் டிக்கி மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றார்.

"இன்னா நைனா, தள்ளப் போறியா?" என்றார் தாமு.

"அம்பத்தூர் கம்பெனில எங்க மேனேஜர் வச்சிருந்தது இதே வண்டிதாம்பா. காலைல ஸ்டார்ட் ஆவாது. நாங்க தள்ளுவோம். இஞ்சின் புடிச்சிக்கும். அவரு போயிகினே இருப்பாரு, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

"ஒரு தபா கூட ஏறுனது இல்லியா?"

"யாரு ஏத்துனா? உள்ள குந்துனா எப்டி கீதுன்னு பாக்கணும். அதுக்குத்தான் இவன் கூட வந்தேன்."

"ரெடியானதும் ஃபர்ஸ்ட் ரைடு உங்களுக்குத்தான்ப்பா" என்றார் சேகர் சார். செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

2. ஒரிஜினல்

அதற்குப் பிறகு ஷெட்டில் எல்லா நேரமும் ஒரே வார்த்தைதான், ஒரிஜினல். கதவு பீடிங் ரப்பர் ஒரிஜினலாக லண்டனிலிருந்து வந்தது. அதைப் பூஜை ரூமில் வைத்துக் கும்பிட்டுத்தான் சேகர் சார் கொண்டுவந்தார். ஓட்டைத் தரைக்கு மட்டும் ஒரிஜினல் கிடைக்கவில்லை. தாமு தகடு வெட்டி வெல்டிங் வைத்தார். அதைப் போட்டோ எடுக்க வேண்டாம் என்று சேகர் சாரே சொல்லிவிட்டார்.

பேட்டரி படுத்தால் முன்னால் விட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்ய இந்த வண்டிக்கு ஒரு ஹாண்டில் உண்டு. அதற்கு நிக்கல் பூசி வீட்டு ஷோகேஸில், பொம்மைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

சீட்டு என் பங்கு. பழையதைப் பிரித்தால் ஸ்பிரிங், சாக்கு, நார். நல்ல ஸ்பிரிங்கைத் துடைத்து வைத்தேன், நொந்துபோனதை மாற்றினேன். பழைய துண்டுகளையே அளவாக வைத்து லெதரை வெட்டினேன். லெதர் சேகர் சாரே வாங்கிக் கொடுத்தது, கருஞ்சிவப்பு. ஓரத்தில் வைத்த பைப்பிங் பட்டை, நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. எனக்கே உட்கார்ந்து பார்க்க ஆசை. உட்காரவில்லை.

3. உறை

தைத்து முடித்த சீட்டுக்கு இறுக்கமாகப் பாலிதீன் சுற்றித் தருவது எங்கள் ஷெட்டு வழக்கம். வீட்டுக்குப் போனதும் கழற்றிவிட வேண்டும். யாரும் கழற்றுவதில்லை. தாமு வீட்டு சோபா வாங்கிய நாளிலிருந்து உறையோடுதான் இருக்கிறது, வருகிறவர்கள் வழுக்கி வழுக்கி உட்காருகிறார்கள். என் வீட்டு டி.வி. ரிமோட்டும் அப்படித்தான், நம்பர் தெரியாமல் மங்கிப்போய்.

டெலிவரி அன்று பெரியவர் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அப்பா, அப்பா! இப்ப வேணாம். பழைய கார் ஷோ முடியட்டும்."

"பாலிதீன் மேலதானடா குந்தப் போறேன்?"

"பாலிதீன் சுருங்கிடும்ப்பா."

பெரியவர் காலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கும் வண்டி லாரியில்தான் போனது. ஓட்டினால் டயர் தேயுமாம். வெயில் காலம் முழுக்க ஃப்ளாட் பார்க்கிங்கில், மேலே ஒரு உறை, உள்ளே ஒரு உறை.

4. ஷோ

பழைய கார் கண்காட்சி ஒரு காலேஜ் மைதானத்தில். தாமு என்னையும் கூட்டிப்போனார். லாரியிலிருந்து இறக்கிய வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சேகர் சார் புதுக் கோட்டு போட்டிருந்தார்.

"அப்பா, கொஞ்சம் கை குடுங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டிக்கியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார்.

டை கட்டிய ஜட்ஜ் வந்தார். "சீட் கவரை எடுங்க, பாக்கலாம்." சேகர் சார் கடை திறப்பு விழா மாதிரி பிளேடால் கீறி இழுத்தார். பாலிதீனோடு சாயமும் உரிந்து வந்தது. உள்ளே அடைபட்ட வேர்வையில் லெதர் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. நனைந்த சாக்கு நாற்றம். ஜட்ஜ் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். நான் முதலில் தையலைத்தான் பார்த்தேன். பிரியவில்லை.

"தாமு, என்ன லெதர்யா போட்டே?"

"நீங்க குடுத்த ஒரிஜினல்தான் சார்."

இந்தச் சண்டைக்குள் பெரியவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். பூஞ்சை மேலேயே, வெள்ளை வேட்டியோடு. ஒருமுறை குதித்துப் பார்த்தார்.

"இனிமே கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்லல்ல? யாரும்மா தச்சது?"

"நான்தாங்க" என்றேன், தாமுவின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஸ்பிரிங்கு சோக்கா கீது. டேய் சேகரு, ஒரு ரவுண்டு போலாம்."

தாமு ஏறிச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. ஓடாத வண்டியில் பேட்டரி எப்படி நிற்கும்? ஹாண்டில் ஷோகேஸில்.

"அப்ப தள்ளு" என்றார் பெரியவர்.

சேகர் சார் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் செல்போனைத் தூக்கியிருந்தார்கள். கோட்டோடு குனிந்து, டிக்கியில் உள்ளங்கையை வைத்தார். லாரி டிரைவரும் சேர்ந்துகொண்டார். மைதானத்து கேட் பக்கம் போகும்போது வண்டி குலுங்கி, இஞ்சின் பிடித்துக்கொண்டது. கோட்டு மேல் கரும்புகை.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: சீட்டைத் தைத்து முடித்ததும் முதலில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன். பிறகு பார்ட்டியை உட்கார வைக்கச் சொல்லி தாமுவிடம் சொல்கிறேன். உறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களிடம், அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றும். இன்னும் அந்த அளவுக்கு வாய் வரவில்லை.