விராலியின் அடித்தூர்

பங்களா வேலியை மட்டமாக வெட்டச் சடையனுக்கு நூல் கட்ட வேண்டியதில்லை. கத்திரியைக் கையில் எடுத்து ஒரு கண்ணைச் சுருக்கினான் என்றால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டித் தண்ணீர் மாதிரி வேலி சமமாக நிற்கும். ஜவ்வாது மலைமேல் அந்த அரசாங்கப் பங்களா எழும்பிய எழுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து அவன்தான் அங்கே தோட்டக்காரன். மலையில் சாமை விதைக்கவும் புளி உலுக்கவும் யாருக்கும் தெரியும். வேலிக்குக் கத்திரி போடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்.

செடி விராலி. சரிவெல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிற அதே விராலிதான். எண்ணெய் தடவினது போல் மினுக்கும் இலை. கோடையிலும் பச்சை மாறாது. ஆடு வாய் வைக்காது. ஆனால் காட்டில் அது கம்பு கம்பாக மனம்போல் போகும். வேலியாக்குவது வேறு பாடு. சிறகு வைத்த காயைக் கசக்கி விதை எடுத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, பாத்தியில் முளைக்கவிட்டு, ஆடி மழை இறங்கியதும் சாணுக்கு ஒன்றாக இரண்டு வரிசை, ஒன்றின் சந்தில் மற்றது வரும்படி நட வேண்டும். அப்புறம்தான் மனசு கேட்காத வேலை. ஒரு வருஷம் ஆசையாய் வளர்ந்த செடியை முழங்கால் உயரத்தில் மொட்டையடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மேலேயே போய், அடி வழுக்கையாகிவிடும். அடித்தால் தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு தரையாக இலை மூடிக்கொள்ளும். பாம்புகூட யோசித்துத்தான் நுழையும்.

பங்களாவுக்கு நட்டது போக அந்த முதல் மழையில் நாற்று நிறைய மீந்துவிட்டது. தோட்ட மேஸ்திரி பஞ்சாட்சரம் படவேட்டுக்காரர். மூட்டுவலியும் முன்கோபமும் உள்ளவர். ஆனால் அன்றைக்கு நல்ல மனசாக இருந்தார்.

"எடுத்துக்குனு போடா. இங்க காயறதுக்கு உன் கொல்லையிலயாவது நிக்கட்டும். யாராவது கேட்டா நான் குடுக்கல."

சடையன் இரண்டு கூடை சுமந்துபோய்த் தன் ஒன்றரை ஏக்கர் கொல்லையைச் சுற்றி நட்டான். அவன் அப்பன் கல் பொறுக்கிக் கொத்திய நிலம். காகிதம் என்று எதுவும் கிடையாது. மிச்சம் இரண்டு கைப்பிடி நாற்றைப் பக்கத்துக் கொல்லைக்காரன், பங்காளி வேடியப்பனுக்குக் கொடுத்தான். வேடியப்பன் அதை வரப்பில் குத்திவிட்டு மறந்தே போனான். பத்து வருஷத்தில் அவன் விராலி ஆளுக்கு மேல் ஓராள் உயரம் போனது. இடைவெளியெல்லாம் முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தான்.

சடையன் தன் வேலிக்கு வருஷம் மூன்று தடவை கத்திரி போடுவான். வேடியப்பன் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

"இன்னாடா சடையா, வேலிக்குக் கிராப்பு வெட்டுறியா? அப்பிடியே பவுடர் போட்டு வுடு, பொண்ணு கேட்டு வருவாங்க."

"உன் வேலிக்குத் தலை கீது, காலு இல்ல. உன் ஆடு உள்ள பூந்து ரோட்டுக்குப் போய்ட்டு திரும்பி வருது பாருண்ணா, போ."

எண்பத்து நாலாம் வருஷம் தை முடியும்போது தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். சர்வே வருகிறது. பத்து வருஷத்துக்குக் குறையாமல் உழுகிறவர்களுக்குப் பட்டா உண்டு. ஆனால் வாய்ப்பேச்சு எடுபடாது, கிணறோ மரமோ வேலியோ நிலத்திலேயே அடையாளம் இருக்க வேண்டும். சடையன் கொல்லையில் கிணறு இல்லை, மரம் இல்லை. வேலி இருந்தது. பன்னிரண்டு வருஷத்து வேலி. அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் இரண்டாம் முறை களி கேட்டு வாங்கினான்.

சர்வேக்கு மூன்று நாள் முன்னால் பங்களாக் கத்திரியைக் கொண்டுவந்து வேலியை வெட்ட ஆரம்பித்தான். உச்சியைச் சீவி, பக்கத்தைச் சீவி, விழுந்த தழையைக் கூட்டி அள்ளினான். அவன் பெண்சாதி கெங்கம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அளக்க வர்றவனுக்கு இன்னாத்துக்குய்யா இந்தச் சோடனை?"

"ஆபீசர் வர்றாங்கன்னா வேலி சுத்தமா இருக்க வேணாவா மே? பங்களாவுல அப்பிடித்தான். உனுக்கு இன்னா தெரியும்."

அவளுக்குத் தெரியாதுதான். அவனுக்கும் அது ஒன்றுதான் தெரிந்திருந்தது.

சர்வேயர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்தார். சங்கிலி பிடிக்க இரண்டு ஆள். வழி காட்டப் பஞ்சாட்சரம். முதலில் வேடியப்பன் கொல்லை. சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். ஒரு விராலியின் தண்டைக் கையால் பிடித்துப் பார்த்தார், கைக்குள் அடங்கவில்லை.

"இது பன்னண்டு பதிமூணு வருசம் இருக்குமே. எழுதிக்கய்யா."

அடுத்தது சடையன் கொல்லை. இடுப்பு உயரத்தில் பச்சைப் பசேலென்று, நேற்று நட்டுப் பிழைத்தது போல வேலி நின்றது.

"இது எப்ப வெச்சது? போன வருசமா?"

சடையன் சிரித்தான். சர்வேயர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்துவிட்டான்.

"பன்னண்டு வருசம் ஆவுதுங்க."

"பன்னண்டு வருசச் செடி இவ்ளோதான் வளருமா? பக்கத்துல கீறது இன்னா, வேற சாதியா?"

"வெட்டி வெட்டி வெச்சிருக்கறங்க. அடியப் பாருங்க சார், அடித்தூரு என் மணிக்கட்டுத் தண்டி இருக்கும்."

அடி தெரியவில்லை. தரைவரைக்கும் இலை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு விரற்கடை தண்டு வெளியே காட்டாத வேலி. அப்படி வளர்ப்பதற்குத்தான் அவன் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டிருந்தான். சடையன் மண்டியிட்டு இரண்டு கையாலும் இலையை விலக்கிப் பிடித்தான். சர்வேயர் தன் வெள்ளைப் பேண்டைப் பார்த்தார்; சிவப்பு மண்ணைப் பார்த்தார். குனியவில்லை.

சடையன் மண்டியிட்டபடியே பஞ்சாட்சரத்தை நிமிர்ந்து பார்த்தான். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. எந்த மழையில வெச்சதுன்னு உங்களுக்குத் தெரியுங்களே."

அரசாங்க நாற்று. யார் கொடுத்தது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். பஞ்சாட்சரத்துக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வேலக்காரன் சார். கத்திரி சோக்கா போடுவான்," என்றார்.

வேடியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மழையில வெச்சது சார். அவன்தான் எனக்கே நாத்து குடுத்தான்."

"ஒரே மழையா?" சர்வேயர் திரும்பினார். "அப்ப உன்னுதையும் போன வருசம்னு எழுதட்டுமா?"

வேடியப்பன் வாயிலிருந்த பீடி அணைந்துபோயிருந்தது. அதைப் பற்றவைக்கத் தன் வரப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கெங்கம்மாள் அழவில்லை. "வெட்டாம வுட்டவன் கெலிச்சான்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சடையன் வேலியில் இருந்ததிலேயே பருத்த தூர் ஒன்றைக் கடப்பாரை போட்டு வேரோடு தோண்டினான். தலையில் வைத்துக்கொண்டு ஆலங்காயம் இறங்கி, அங்கே பஸ் மாறினான்.

"இன்னா பெரியவரே, மரத்துக்கும் டிக்கெட்டா?" என்றான் கண்டக்டர்.

தாலுகா ஆபீசில் குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார், மண் உதிர்ந்தது.

"இது உன் வேலியில புடுங்கினதுதான்னு செடி வந்து சொல்லுமா?"

"குழி கீதுங்க. வந்து பாருங்க."

"குழிய எவன் வேணா தோண்டலாம். காட்டுச் செடிய வேரோட புடுங்கிக்குனு வந்து நிக்கிற. ஃபாரஸ்ட்காரன் கண்ணுல பட்டா உள்ள தூக்கிப் போட்ருவான். மொதல்ல இத்த வெளிய எடு."

வெளியே எடுத்தான். போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. திரும்பச் சுமந்து வந்து அதே குழியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினான். வயசான விராலி இடம் பெயர்ந்தால் பிழைக்காது. அது அவனுக்குத் தெரியாததல்ல. பத்து நாளில் காய்ந்துவிட்டது. பச்சை வேலியில் அந்த ஒரு இடம் மட்டும் பல் விழுந்தது மாதிரி இருந்தது.

வேடியப்பனுக்குப் பட்டா வந்தது. சடையன் நிலம் அரசாங்கத் தரிசு என்று முடிவாகி, ஒட்டு மாங்கன்று வைக்கப்போவதாகச் சொன்னார்கள். குழி தோண்டக் கூலிக்கு ஆள் எடுத்தபோது கெங்கம்மாளும் போனாள். தன் மாமனார் கல் பொறுக்கிய கொல்லையில் அவள் நாலு நாள் குழி தோண்டினாள். வேலி மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். ஆடு மாடு வராது, கம்பிச் செலவு மிச்சம். இருந்த ஒரே பல்லிடுக்கில் கேட் போட்டார்கள்.

அடுத்த ஆடிக்குப் பஞ்சாட்சரம் பங்களாத் தோட்டத்தில் அவனைத் தேடி வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் செடிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சடையா, அந்த மாந்தோப்பு வேலியும் இனிமே நம்ம பொறுப்புதான்னுட்டாங்க. இத்த முடிச்சுட்டு அங்கயும் ஒரு தபா கத்திரி போட்டுட்டு வந்துடு."

சடையன் வெட்டுவதை நிறுத்தவில்லை. கத்திரி சரக் சரக்கென்று போய்க்கொண்டே இருந்தது.

"அது போன வருசம் வெச்ச செடிங்களே மேஸ்திரி. கவர்மெண்டுலயே எழுதிக்கீதே. பச்சப்புள்ளைக்குக் கத்திரி வெக்கலாமா?"

பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

பங்களா வேலி எப்போதும்போலத் தொட்டித் தண்ணீராக நின்றது. மாந்தோப்பு வேலி மூன்று மழையில் எகிறியது. உச்சி தழைத்து நிழல் விழ விழ, அடியில் இலை பழுத்து உதிர்ந்தது. எண்பத்தெட்டில் தூரெல்லாம் வெறுமையாகி, வரிசை வரிசையாக மணிக்கட்டுத் தண்டிக் கட்டைகள் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில், அவன் முதன்முதலாக வெட்டிய இடத்தில், ஒரு முடிச்சு.

கெங்கம்மாளின் ஆடுகள் அந்தத் தூர்களுக்கிடையில் நுழைந்து மாங்கன்றுகளைக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் ஓட்டவில்லை. சடையன் ரோட்டில் நின்று பார்த்தான். பன்னிரண்டோ பதினாறோ, செடியின் வயசு இப்போது குனியாமலே தெரிந்தது.