கிளப் லைசென்ஸும் எதிர்வீட்டுப் பெண்ணும்

டெக்சாஸுக்கு வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனுக்கு வேலைக்குப் போய்விட்டால், கைக்குழந்தையோடு வீட்டிலேயே கிடப்பேன். ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியபோது எதிர்வீட்டுப் பெண்தான் எங்களை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அதன்பிறகு கடைக்கும் அவள் காரில்தான் போவேன். ஊர் நடுவே இருந்த ஒரு கிளப்பில் அவள் ஆடை களைந்து ஆடுகிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது.

அந்த கிளப்புக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. நகரசபை பொது விசாரணை வைத்தது. தன்னைப் பற்றி, நல்ல அண்டை வீட்டுக்காரி என்று அங்கே ஒரு வார்த்தை சொல்வாயா என்று அவள் கேட்டாள். சரியென்று பேசுவோர் பட்டியலில் பெயர் கொடுத்தேன்.

அரங்குக்குள் நுழைந்ததுமே, கோயிலில் பழக்கமான ஆன்ட்டி ஒருவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீயும் வந்தியாம்மா? நல்லது. குழந்தைங்க இருக்கிற ஊர்ல இதெல்லாம் எதுக்கு? க்ளோஸ் பண்ணட்டும்."

"ஆமா ஆன்ட்டி," என்றேன்.

என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. முன்வரிசையிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானே போய்ப் பேசினாள். லைசென்ஸ் கிடைக்கவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டாள்.

நீ பேசியிருந்தாலும் கிளப்பை மூடித்தான் இருப்பார்கள் என்று கணவர் சொல்வார். இருக்கலாம். அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.