பின்சீட்டில் கிரைன்

ஜனவரியில் ஐசெல் ஆறு தன் இடத்தில் இருப்பதில்லை. படுகைப் புல்வெளியெல்லாம் மூழ்கடித்துக் கரையின் காலடிவரை வந்து படுத்துக்கொள்ளும். கரைமேல் நின்று பார்த்தால் வில்லோ மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், வேலிக் கம்பங்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரியும். எது ஆறு, எது மேய்ச்சல் நிலம் என்று மாடுகள் குழம்பிப்போகும். நல்லவேளையாக அவை கொட்டகைக்குள் இருக்கும். மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு நனைந்த வெளிச்சம் காலையிலிருந்து மாலைவரை அப்படியே நிற்கும். புத்தியுள்ளவர்கள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி சூப் குடிக்கிற இந்த மாதத்தைத்தான் காம்பென் ஊர் யிக்கெயும் அவள் புருஷன் கிரைனும் சைக்கிள் பயணத்துக்கென்று வைத்திருந்தார்கள்.

அவர்களுடையது நீளச் சைக்கிள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். முன்னால் உட்காருகிறவர் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும், பிரேக் போட வேண்டும், வழி பார்க்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கு மிதிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இரண்டு பெடல்களும் செயினால் சேர்ந்தவை. முன்னது சுற்றினால் பின்னதும் சுற்றியே ஆக வேண்டும். அதனால் ஒருவர் கால் ஓய்ந்தால் மற்றவர் காலுக்குத் தெரிந்துவிடும் என்று இந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். யிக்கெயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டு அவளுடையது. கிரைனுக்குக் கண் தெரியாது. ஒரு காலத்தில் ஸ்வொல்லெ தடத்தில் பஸ் ஓட்டியவன் அவன். ஐம்பது வயதுக்குள் பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. நடுவில் மிச்சமிருந்த சின்ன வட்டமும் ஒரு வசந்த காலத்தில் அணைந்துபோனது. யிக்கெ நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். எங்கள் நாட்டில் பிள்ளைகள் சட்டை, கால்சட்டை, ஷூவோடு தண்ணீரில் குதித்து நீந்திக் காட்டினால்தான் சான்றிதழ். வாசலைத் தாண்டினால் வாய்க்கால் என்று குடியிருக்கிறவர்கள் வேறென்ன செய்வது. உடுப்போடு நனைவது அவளுக்குப் பெரிய விஷயமாகவே பட்டதில்லை. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அந்தக் குரலால் அதட்டித்தான் கிரைனைப் பின்சீட்டில் ஏற்றினாள்.

அவன் லேசில் ஏறவில்லை. ஆயுசெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவனைப் பின்னால் உட்காரச் சொன்னால் எப்படியிருக்கும்? முதல் நாள் தெருமுனைவரை போவதற்குள் மூன்று தடவை திட்டினான். வளைவில் அகலமாகத் திரும்பு என்றான், சிக்னல் வரப்போகிறது என்றான், பிரேக்கை இப்படியா போடுவார்கள் என்றான். அவள் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து வீட்டுக்குப் போ என்றாள். எந்தப் பக்கம் வீடு என்று கேட்டான். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் திட்டுவதைக் குறைத்துக்கொண்டான். அறவே விட்டான் என்று சொல்ல மாட்டேன்.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். கோடையில் கரைப்பாதையில் ஊரே வந்துவிடும். முன்னும் பின்னும் மணியடித்தே அவன் காதை அடைத்துவிடுவார்கள். குளிர்கால மழையில் பாதை காலி. அப்போது அவனுக்கு எல்லாம் கேட்கும். ஓட்டுக் கூரையில் விழும் மழைக்கும் நாணலில் விழும் மழைக்கும் வித்தியாசம் சொல்வான். தூரத்தில் வாத்துக் கூட்டம் எழும்பினால் எந்தப் பக்கம் போகிறது என்று கையைக் காட்டுவான். மற்றதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே மிதிப்பாள். இடது பக்கம் தேவாலயக் கோபுரம், பாதிவரை பனி, அடி இல்லை, தலை மட்டும் மிதக்கிறது. வலது பக்கம் தண்ணீருக்கு நடுவில் ஒரு கேட், இரண்டு பக்கமும் வேலி இல்லை, ஆனால் பூட்டியிருக்கிறது. ஒன்றும் தெரியாத பனி நாளில் அவளாக ஒரு நாரையைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. “அந்த நாரை நேத்தும் இப்படித்தான் ஒத்தைக் கால்ல நின்னுச்சு. பாவம், வேற எடம் பாத்துக் குடுக்கக் கூடாதா?” என்பான் கிரைன். இப்படிப் பேசிக்கொண்டே ஒரு வாரம், பத்து நாள் போவார்கள். ராத்திரி யாராவது சைக்கிள்காரர்களுக்கு அறை கொடுக்கிற வீட்டில் தங்கி, ஈரச் சாக்ஸை ஹீட்டரில் காயப்போட்டுவிட்டுத் தூங்கினால், கனவிலும் தண்ணீர்தான். எங்கே தூக்கம் முடிந்தது, எங்கே பாதை தொடங்கியது என்று தெரியாது என்பாள் யிக்கெ.

இந்த வருஷம் அந்தச் சுகம் வரவில்லை. கிளம்பின நாளிலிருந்து வண்டி கனத்தது. பாலம் ஏறும்போதெல்லாம் யிக்கெயின் தொடை எரிந்தது. பின்னால் கிரைனிடமிருந்து பேச்சே இல்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. எழுபதை நெருங்குகிற மனுஷன், கால் விட்டுப்போய்விட்டது, சொல்ல வெட்கப்படுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். முடிவு கட்டினது இப்போதல்ல, கிறிஸ்துமஸுக்கு முன்பே. இலையுதிர் காலத்தில் அவள் இருமலோடு கிடந்து எழுந்ததும் இரண்டு பேரும் சந்தைவரை ஒரு சுற்றுப் போனார்கள். அன்றைக்கே வண்டி நகரவில்லை. இனிமேல் அவனையும் சேர்த்து இழுக்க என்னால் முடியாது என்று மகள் நின்கெயிடம் அழுதிருந்தாள். நின்கெ காரியக்காரி. வண்டியை வாங்க ஸ்வொல்லெயில் ஒரு இளம் ஜோடியைப் பிடித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டாள். கிரைனுக்குத் தெரியாது. இதுதான் கடைசிப் பயணம் என்று அவனிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். வண்டி போய்விட்டால் அவனுக்கு மிஞ்சுவது ஜன்னலோர நாற்காலிதான். ஜன்னலால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? அதை நினைத்தாலே அவளுக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

சுட்ஃபென் தாண்டி, ஆற்றைக் கடக்கிற சிறு படகுத் துறைக்கு வந்தபோது மதியம். துறைக்கு இறங்குகிற ரோடு நேரே தண்ணீருக்குள் போய் மறைந்திருந்தது. வெள்ளம் வடியும்வரை படகு கிடையாது என்று ஒரு பலகை. ராத்திரிக்குச் சொல்லிவைத்த வீடு அக்கரையில் டூஸ்பர்க் பக்கம். அப்படியென்றால் இக்கரையிலேயே மேலே போய் அங்கேயுள்ள பாலத்தைப் பிடிக்க வேண்டும், அதுவும் எதிர்காற்றில். நடுவில் ஓரிடத்தில் பாதை கரையைவிட்டுப் பள்ளத்தில் இறங்கும். அது முழுகியிருந்தால் இன்னும் சுற்று. கிரைனுக்குப் பல் தந்தியடித்தது. கரைக்கு அடியில் ஒரு பண்ணை வீடு. கோடையில் சைக்கிள்காரர்கள் தாமே ஊற்றிக் குடிக்கக் காபி வைக்கிற வீடு. குளிர்காலத்தில் அந்தக் கடை கிடையாதுதான், ஆனாலும் கதவைத் திறந்தாள் வில்லமைன் என்ற பண்ணைக்காரி.

ஈர ஷூவை வாசலில் விடச் சொல்லி, காபி ஊற்றி, தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து, டப்பாவை மூடினாள். பிறகு உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க வர்றதை இந்த ஜன்னல்லேருந்து ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டிருந்தேன். முன்னாடி அம்மா ஜம்முனு உக்காந்து ஊர் பாத்துக்கிட்டு வர்றாங்க. பின்னாடி இவர் வண்டிக் குதிரை கணக்காக் குனிஞ்சு மிதிக்கிறார்.”

“குதிரைக்கு இன்னொரு பிஸ்கட் உண்டா?” என்றான் கிரைன்.

“காபிக்கு ஒண்ணுதான்,” என்றாள் வில்லமைன்.

யிக்கெக்குச் சுருக்கென்றது. சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு யார் மிதிக்கிறார் என்று கண்டுபிடிக்கிறாளாம். ஒவ்வொரு பாலத்திலும் உயிர் போனது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்நியர் வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கிரைன் இங்கேயே கதகதப்பாக இருக்கட்டும், தான் போய்ப் பள்ளப்பாதை முழுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

“தனியாவா? காத்து எதிர்ல அடிக்குது,” என்றான் அவன்.

“நீயும் இல்ல, மூட்டையும் இல்ல. வண்டி பறக்கும்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு காபிக் கோப்பையைத் தடவி எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

பைகளையெல்லாம் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு யிக்கெ கிளம்பினாள். கரைக்கு ஏறுகிற சரிவில் தள்ளிக்கொண்டுதான் போனாள். அது ஈரம், வழுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே வந்ததும் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர், சாம்பல் நிறத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல். அதற்கு மேலே அதே நிறத்தில் வானம். நடுவில் பாதை எங்கேயும் போய் முடியாததுபோல மங்கிப்போனது. வாத்துகள் பனிக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தன. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த மயக்கத்தில் கொஞ்சநேரம் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதே வில்லோ மரம் ரொம்ப நேரமாகப் பக்கத்திலேயே நிற்பது பிறகுதான் தெரிந்தது.

வண்டி நகரவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டது என்று நினைத்து இறங்கினாள். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். அது பாட்டுக்குச் சுற்றியது. டயரை அமுக்கினாள், கல் மாதிரி இருந்தது. மறுபடி ஏறினாள். எழுந்து நின்று மிதித்தாள். அடுத்த வேலிக் கம்பம்வரை போவதற்குள் கால் நின்றுவிட்டது. பின்னால் அவன் பெடல்கள் ஆளில்லாமல் சுற்றி, அவள் நின்றதும் நின்றன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வண்டி கனத்தது கிரைனால் அல்ல. அவன் இல்லாமல் இந்த வண்டி வீட்டு வாசலைத் தாண்டியிருக்காது. தன் காலில் இருமலுக்குப் பிறகு பலமே இல்லை. மிச்சமிருந்த கொஞ்சப் பலத்தைப் போட்டதற்கே தொடை எரிந்ததை, முழு வண்டியையும் தான் இழுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கத்தில் அவள் முகம் சுட்டது. அவனுக்கு முடியவில்லை என்று மகளிடம் சொன்னோமே, அவனைக் கேட்காமல் வண்டியை விற்க ஆள் பார்த்தோமே என்று கரைமேல் நின்று அழுதாள். மழையில் அழுவதில் ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை.

வண்டியைத் திருப்பினாள். இப்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்காமலே பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். வில்லமைன் மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள். கிரைன் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“ரோடு எப்படி?” என்றான்.

முழுகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு என்ன தெரியும்? அந்த எண்ணம் வந்து போனது.

“தெரியாது. நான் அங்கவரைக்கும் போகவேயில்ல. என்னால மிதிக்க முடியல, கிரைன்.”

அவன் ஆச்சரியப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

“எத்தனை நாளா உனக்குத் தெரியும்?” என்றாள்.

“போன வருஷத்துலேருந்து. அந்தப் பெரிய பாலம் ஏறும்போது உன் காலு தளர்ந்துச்சு. இருமல் வந்ததுக்கப்புறம் சுத்தமா இல்ல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்திடுவே. நீ நிறுத்தினா நான் எங்க போவேன்? மேல்மூச்சு வாங்குறது உன் காதுல விழக் கூடாதுன்னுதான் இந்தத் தடவை வாயே தெறக்கல.”

யிக்கெ அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் குளத்துக் குரல் எங்கேயோ போய்விட்டது. அவன் நெடுநேரம் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டான்.

“என்னைக் கேக்காமலா?” என்றான் கடைசியில்.

“ஆமா. உன்னைக் கேக்காமத்தான். தப்புதான்.”

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கையை மட்டும் நீட்டினான், போனைக் கொடு என்று. அவள் நின்கெயைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். வண்டி விற்பதற்கில்லை என்று கிரைன் சொன்னான். அப்பாவுக்குக் கால் போய்விட்டது என்று அம்மாதானே சொன்னாள் என்று நின்கெ கேட்டாள்.

“அப்பாவுக்கு இல்ல. எனக்குத்தான்,” என்றாள் யிக்கெ.

“அப்போ இன்னும் நல்ல காரணமாச்சே அம்மா, விக்கிறதுக்கு.”

காரியக்காரி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஜோடியை வர வேண்டாம் என்று சொல், அவ்வளவுதான் என்று சொல்லிக் கிரைன் பேச்சை முடித்தான்.

பள்ளப்பாதையைப் போய்த்தான் பார்ப்பது என்று இரண்டு பேருமாகப் பைகளைக் கட்டி, வண்டியைச் சரிவில் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். காற்று முகத்தில் அடித்தது. யிக்கெ ஹேண்டிலைப் பிடித்தபடி ஏறாமல் நின்றாள்.

“நின்கெ சொல்றது நெசந்தானே? இந்த வருஷம் இப்படி. அடுத்த வருஷம் என் காலு முழுசாப் போயிடும். அப்புறம் என்னை ஏத்திக்கிட்டு என்ன பண்ணப் போறே?”

கிரைன் சீட்டைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரு காலைப் பெடல்மேல் வைத்தான்.

“போனா போகட்டும். காலு என்கிட்ட ரெண்டு இருக்கு,” என்றான். “நீ கண்ணை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ.”

அவள் நனைந்த கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டரின் உள்பக்கம் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்சீட்டில் ஏறினாள்.