பெட்டிக்குள் காசிமிர்

பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கம் இடிந்தபோது இரண்டு நாள் மண்ணுக்கடியில் கிடந்து பிழைத்தவன் காசிமிர். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. இனி வெளிச்சத்தில்தான் பிழைப்பு என்று ஹாலிவுட்டுக்கு ஓடிவந்து கேமராக்காரன் ஆனான். கேமராவின் கைப்பிடியைச் சுற்றும் வேகம் மாறாமலிருக்க அம்மாவின் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே இருப்பான். ஊமைப்படத்தில் அதை யார் கேட்கப்போகிறார்கள்?

1929-இல் அவன் ஸ்டூடியோவிலும் படம் பேசத் தொடங்கியதும், மைக்கில் விழும் கேமராவின் இரைச்சலே பகையாகிவிட்டது. கேமராவோடு அவனையும் ஒரு கனத்த பெட்டிக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டார்கள். உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. பார்க்க ஒரு கண்ணாடி மட்டும். கதவு சாத்தும்போதெல்லாம் அவனுக்குச் சுரங்கம் மறுபடி இடிந்தது. பயம் என்று சொன்னால் வேலை போய்விடும்.

தாழ் போடுகிறவர் கிழட்டு விளக்குக்காரர் டெல்மர். காட்சி முடிந்ததும் ஓடிவந்து திறப்பார். அவன் முகம் வேர்த்து வெளிறியிருப்பதைப் பார்த்தும் ஒன்றும் கேட்டதில்லை.

அன்று எட்டு நிமிடக் காட்சி. காசிமிர் தன் கையுறையைக் கதவிடுக்கில் செருகினான்.

"கதவு மூடலையேப்பா?"

"இருக்கட்டும்ண்ணே. இன்னிக்கு மட்டும்."

டெல்மர் தாழ் போடாமல் நகர்ந்தார்.

கதாநாயகி கணவனின் பிணத்தருகே சத்தமின்றி அழுதாள். பூச்சாடிக்குள் மைக். மூன்றாம் நிமிடம் காசிமிருக்கு மூச்சு முட்டியது. அம்மாவின் பாட்டு தானாக வாயில் வந்துவிட்டது.

ஒலிப்பதிவுக்காரன் மாடியிலிருந்து இறங்கிவந்து கத்தினான். "பொணத்துக்குப் பக்கத்துல எவன்யா பாடுறது?"

"யாருன்னு இப்பவே சொல்லிடுங்க," என்றார் இயக்குநர். "அவன் இன்னியோட காலி."

கையுறையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே வந்த காசிமிர் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

"நான்தான் சார்," என்றார் டெல்மர். "வயசாச்சுல்ல, பாடுறதே தெரிய மாட்டேங்குது."

"தொப்பிய எடுத்துக்கிட்டுக் கிளம்புய்யா!"

போகிறபோது டெல்மர் காசிமிரின் தோளைத் தட்டினார். "எனக்கு வேற எங்கயாச்சும் பல்பு மாட்டுற வேலை கெடைக்கும். நீ மொதல்ல மூச்சு விடு தம்பி."

காசிமிர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைதான், ஆனாலும் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி எடுத்தார்கள். புதிய ஆள் கதவை அழுத்திச் சாத்தித் தாழ் போட்டான். காட்சி நன்றாக வந்தது. கதாநாயகி எழுந்து போவது கண்ணாடியில் தெரிந்தது. விளக்குகள் அணைந்தன, எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். உடனே ஓடிப்போய்த் திறக்க வேண்டுமென்று புதியவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

காசிமிர் இருட்டில் இரண்டு கையாலும் கதவை அடித்தான்.

"நான்தான் பாடினேன்!" என்று கத்தினான். "டெல்மர் இல்ல, நான்தான்!"