கோபிநத்தம் வரை லிட்டருக்கு எவ்வளவு

எங்கள் குடும்பத்தில் யாராவது வண்டி வாங்குவதென்றால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். அந்தப் பெயரை நானே கஷ்டப்பட்டு ஏற்படுத்தி வைத்திருந்தேன். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் வண்டி விமர்சனம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. பார்த்துப் பார்த்துத் தேறிய ஞானத்தோடு ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். டீசல். ஏன் டீசல் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கௌதள்ளியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வண்டி என்றாலே டீசல்தான். டிராக்டர், லாரி, ஜீப்பு எல்லாம் அதில்தான் ஓடின. பெட்ரோல் என்பது பைக்குக்கு ஊற்றுவது.

வீட்டிலிருந்து தொழிற்சாலை நாலு கிலோமீட்டர். என்ஜின் சூடாவதற்குள் நான் கேட்டுக்குள் நுழைந்துவிடுவேன். எட்டாவது மாதம் டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. எரிந்தது எரிந்ததுதான், அணையவில்லை. கொண்டுபோய்க் காட்டினால் மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “டெய்லி ஆபீஸுக்கு மட்டும்தானா சார்? டீசல் யாக்கே தகொண்ட்ரி?” என்றார். டீசல் எதற்கு வாங்கினீர்கள் என்று அவர் கன்னடத்தில் கேட்டது காதில் இன்னும் இருக்கிறது. புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு வடிகட்டி உண்டாம். வண்டி நீண்ட தூரம் ஒரே வேகத்தில் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். நான் ஓட்டுகிற நாலு கிலோமீட்டரில் கரி சேர்வதோடு சரி. வாரம் ஒருமுறை வண்டியை ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இரண்டு வாரம் போனேன். மூன்றாவது வாரம் சோம்பல் வந்துவிட்டது, விளக்கும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் பெட்ரோல் கட்சிக்காரன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் டீசல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சூடு கண்டவனுக்குத்தான் வேகம் அதிகம்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் புது வண்டி தேவைப்பட்டது. அக்கா கௌதள்ளியிலேயே இருப்பவள். ஏழு பேர் போகும் பழைய டீசல் வண்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறாள். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று மற்ற நாட்களில் அவளுக்குப் பிழைப்பு நடக்கும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வாடகை கிடையாது. அந்த இரண்டு நாளும் சிறுநீரகம் கெட்டுப்போன நாலு பேரை ரத்தம் சுத்திகரிக்க மைசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி இயந்திரங்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேர் கௌதள்ளி, ஒருவர் ஹனூர், ஒருவர் கோபிநத்தம். எரிபொருளுக்கு ஆகும் பணத்தை மட்டும் நாலு பேரும் சமமாகப் போட்டுக்கொள்வார்கள். யார் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. தலைக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான்.

கோபிநத்தம் என்றால் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு நேர் எதிர்த் திசை. மலையேறி, மலையிறங்கி, காட்டு ஓரமாகப் போய் அந்த ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வரவேண்டும். விடியும் முன் கிளம்பினால்தான் பதினொரு மணிக்கு மைசூர் சேரலாம்.

பழைய வண்டி வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, அதற்குமேல் அதை வைத்து ஓட்டுவது கஷ்டம். நான் உற்சாகமாகப் போனில் பேசினேன். பெட்ரோல் வாங்கு, விலை குறைவு, வடிகட்டித் தொல்லை இல்லை, டீசல் வண்டிக்குப்போலப் புகையைச் சுத்தம் செய்ய யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சத்தமே இருக்காது என்றேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அதெல்லாஞ் சரி தம்பி. அஞ்சு பேரு உக்காந்து கோபிநத்தத்துக்குப் போயிட்டு வந்தா லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?”

நான் கம்பெனி சொன்ன எண்ணைச் சொன்னேன்.

“அது கம்பெனிக்காரன் ஊட்டு ரோட்டுல. நம்ம ரோட்டுல எவ்வளவு?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கஞ்சம் என்பது என் எண்ணம். பழைய வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கிறது, புதியது அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். கொஞ்சம் கூடக்குறைய ஆனால் என்ன, கூடுதலை நீயே போட்டுக்கொள், அவர்களிடம் சொல்லாதே என்றேன்.

“கோபிநத்தத்துக்காரரு இருவது வருசம் மூங்கில் லாரி ஓட்டுன ஆளுடா. முள்ளு எறங்கறதப் பாத்தே எவ்வளவு குடிச்சுதுன்னு சொல்லிருவாரு. தனக்காகச் சுத்தறதுனாலதான் எல்லாருக்கும் செலவு எச்சா ஆகுதுன்னு அவருக்குத் தோணுச்சுன்னா அடுத்த நாளு வரமாட்டாரு. வராம ரெண்டு தடவ உட்டா என்னாகும்னு உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். பெட்ரோலா டீசலா என்று நான் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு ஒரு மனிதர் இருப்பாரா போவாரா என்கிற விஷயமாக இருந்தது. அவர் இனாமாக ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவர். அவருக்கு யாரும் இரக்கம் காட்ட வேண்டிய அவசியமே வராத வண்டி ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது. கஞ்சம் என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் பெட்ரோல் கட்சியை விடவில்லை.

ஷோரூமுக்கு வந்து அக்கா கேட்ட கேள்வியில் அங்கிருந்த பெண் திகைத்துப் போனாள். ரிங் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதுதான் அவர்கள் வழக்கம். இவள் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கோபிநத்தம் போய்வரத் தருவீர்களா என்று கேட்டாள். முடியாது என்று அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அக்கா அதற்கும் வழி வைத்திருந்தாள். அவள் பார்த்து வைத்திருந்த மாடலும் என் வீட்டு வாசலில் நின்ற மாடலும் ஒன்றுதான். அதே மாடலின் பெட்ரோல் வண்டி என் உடன் வேலை பார்க்கும் நண்பரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அவருடையது, வெள்ளிக்கிழமைக்கு என்னுடையது, இரண்டு நாளும் யாரும் பணம் போட வேண்டாம் என்று முடிவாயிற்று. நான் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

திங்கள் மாலை பெட்ரோல் வண்டியைத் தனியாக கௌதள்ளிக்கு ஓட்டிப் போனேன். தரையே தெரியாத ஓட்டம். டேஷ்போர்டில் பதினாலு என்று காட்டியது. இறங்கியதும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அது வாய்ல சொல்றது. வயித்துல எவ்வளவு போச்சுன்னு பாக்கலாம்” என்றாள்.

அவள் அளந்த விதத்தை நான் தொழிற்சாலையில் சொல்லிக் கொடுக்கலாம். கௌதள்ளிச் சாலையில் உள்ள பங்க்கில் வண்டியைச் சமதரையில், ஒரே திசை பார்த்து நிறுத்தினாள். குழாய் தானாக ‘டக்’ என்று நின்றதும் அதோடு போதும் என்றாள், அதற்குமேல் ஒரு சொட்டு ஊற்ற விடவில்லை. டயரில் காற்று பார்த்தாள். கிலோமீட்டரைப் பூஜ்யமாக்கினாள். மைசூர் எல்லையில் இன்னொரு பங்க்கில் அதேபோல முதல் ‘டக்’ வரை நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமையும் அதே இரண்டு பங்க், அதே குழாய், அதே ஆட்கள், அதே இருக்கை. ஏசியை எவ்வளவு வைப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மலையில்தான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. தனியாக வந்தபோது சிட்டாகப் பறந்த வண்டி, வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்துக்கொண்டு உறுமியது. கோபிநத்தத்துக்காரர் நடுவரிசையில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண் வெளியே காட்டில் இல்லை, எரிபொருள் முள்ளில் இருந்தது. மாலையில் ஆஸ்பத்திரி முடிந்து பங்க்கில் நிரப்பினோம். லிட்டருக்கு எட்டுகூட வரவில்லை.

நான் ஏதோ காரணம் சொல்லப் பார்த்தேன். அக்காவுக்கு இந்த வண்டி பழக்கமில்லை, என்ஜின் இன்னும் இளகவில்லை என்றெல்லாம் உளறினேன். கோபிநத்தத்துக்காரர் ஊரில் இறங்கும்போது வழக்கமாக “வாறனுங்க அம்மணி” என்பாராம். அன்று “நல்லா இருங்க அம்மணி” என்றார்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு என் டீசல் வண்டியோடு கோபிநத்தம் போனபோது அவர் ஏறும் இடத்தில் இல்லை. ஹாரன் அடித்தோம். பத்து நிமிஷம் பார்த்தோம். அக்கா வண்டியை நேராக அவர் வீட்டு வாசலுக்கு விட்டாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“இன்னிக்குத் தேவலாமுங்க அம்மணி. அடுத்த வாரம் பாத்துக்கலாம். எனக்காவ சுத்த வேண்டாமுங்க.”

நானாக இருந்தால் கெஞ்சியிருப்பேன், அல்லது கத்தியிருப்பேன். அக்கா இரண்டும் செய்யவில்லை.

“உங்களுக்காவ வல்லீங்க. இன்னிக்கு டீசலு டெஸ்ட்டு. செவ்வாக்கெழம ஆறு பேரு இருந்தோம், இன்னிக்கு அஞ்சு பேரு போனா கணக்கு ஒத்துவருமுங்களா? நீங்க வரலீன்னா வெய்ட்டு கொறஞ்சு மைலேஜு தப்பாக் காட்டும். நான் அத நம்பி வண்டி எடுத்துப்போட்டு ஏமாந்து நிக்கோணும். அப்பறம், முள்ளப் பாக்கறதுக்கும் ஒரு ஆளு வேணும். என்ற தம்பி பேச்ச நம்பி எட்டுக்கு வந்து நிக்கறதப் பாத்தீங்கல்ல?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருஷம் பாரம் ஏற்றி ஓட்டியவர். பாரம் குறைந்தால் கணக்கு கெடும் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இந்த ஊரில் இந்த மனிதரிடம் இந்த வார்த்தைதான் எடுபடும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இன்றும் வியக்கிறேன். என் அக்காவைப் போல ஒரு புத்திசாலியை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை.

என் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே மலையை அது பல்லைக் கடிக்காமல் ஏறியது. கீழ் வேகத்திலேயே இழுவை இருந்தது, கியரைக் குறைக்கும் வேலையே அதிகம் இல்லை. ஹனூர் தாண்டிக் கொள்ளேகால் பாதையில் போகும்போது டேஷ்போர்டைப் பார்த்தேன். எத்தனையோ வாரமாக எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு விளக்கைக் காணோம். அக்காவிடம் காட்டினேன். “மாசத்துக்கொருக்கா இங்க அனுப்பி உடு. பாவம், நல்லா மூச்சு உட்டுட்டு வரட்டும்” என்றாள். நான் என் தெருவுக்கு அவளுடைய வண்டியை வாங்கியிருந்தேன். அவளுடைய சாலைக்கு என் தெருவின் வண்டியை வாங்கச் சொல்லியிருந்தேன். அக்கா சொன்னதைக் கேட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்த கௌதள்ளிக்காரம்மா சிரித்துவிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு மைசூர் எல்லை பங்க்கில் நிறுத்தினோம். சிகிச்சை முடிந்த களைப்பில் மற்ற மூவரும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். கோபிநத்தத்துக்காரர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். மீட்டருக்கு நேர் எதிரில் போய் நின்றார். ‘டக்’ என்று நின்றது. ரூபாயை ரவுண்டாக்கிவிடுகிறேன் என்று பங்க்காரர் மறுபடி குழாயை அழுத்தப் போனார்.

“நிறுத்துப்பா” என்று அவர் போட்ட அதட்டலில் பங்க்காரர் கையை எடுத்துவிட்டார்.

கிலோமீட்டரை என்னைச் சொல்லச் சொன்னார். இருநூற்று இருபத்தெட்டு என்றேன். நான் கைபேசியை எடுத்து வகுப்பதற்குள் அவர் உதடு அசைந்து முடித்திருந்தது.

“பன்னெண்டரை” என்றார்.

மீட்டரை இன்னொரு முறை படித்தார். என்னைத் தாண்டிப் போய் டேங்க் மூடியைத் தானே திருகி மூடினார், சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

“செவ்வாக்கெழம ஆறரைக்குத்தானுங்க அம்மணி?”

அக்கா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஆறரைக்குத்தானுங்க. ரோட்டுல வந்து நில்லுங்க. இனி ஊட்டுக்கெல்லாம் வந்து கூப்புட மாட்டேன்.”